அடிக்கட்டை

வருசத்துக்கு ஒரு தடவை
எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்
மலையடிவாரத்தில் சுடச் சொல்வார்கள்.
ஆளுக்குப் பத்து ரவை.
மற்ற நாளெல்லாம்
கோபி மகளிர் காவல் நிலையத்தில்
நான் சுடவைப்பது டீத்தண்ணி.

படுத்துச் சுடும் நிலை.
சரளைக்கல் முழங்கை இரண்டையும் முதலில் தின்றது.
"கட்டையத் தோள்குழியில இறுக்கும்மா,
சந்து உட்டா உதைக்கும்" என்றார்
பயிற்சி ஏட்டு மயிலானந்தம்.
இறுக்கியிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.
முதல் ரவையில் தெரிந்துவிட்டது
சந்து எவ்வளவு என்று.
அரை விரல்.

கறவை மாடுகூட உதைக்கும் முன்னால்
ஒரு தரம் காலை மாற்றி வைக்கும்.
இது ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது ரவையில்
இடப்பக்கம் படுத்திருந்த செண்பகவல்லியின் வெற்றுத் தோட்டா
துள்ளி வந்து என் காலருக்குள் இறங்கியது.
எண்ணெயில் அப்போதுதான் அரித்தெடுத்த மாதிரி.
உதறி எழலாம் என்றால்
கையில் ரவை ஏற்றிய துப்பாக்கி.
செத்தாலும் குழல் திரும்பக் கூடாது என்று
காலையில் மூன்று முறை சொல்ல வைத்திருந்தார்கள்.
திருப்பவில்லை.
முதுகை மட்டும் நெளித்தேன்.
"பாம்பா?" என்று யாரோ கேட்டார்கள்.
மிச்ச ஆறையும் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன்.
அதில்தான் இரண்டு பட்டது.

இரவு
உறைந்த பால் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி
என் வீட்டுக்காரர் தோளில் வைத்துப் பிடித்தார்.
விசைத்தறி மெக்கானிக்.
எது அடித்தாலும் முதலில் சத்தத்தைத்தான் கேட்பார்.
"என்ன சத்தம் வந்துச்சு?"
இரண்டு காதிலும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

நாலாம் நாள் பாரியூர்க் குண்டத்துக்கு ரவிக்கை தைக்க
துளசியாள் அக்காவிடம் போனேன்.
தோள் அளவெடுக்கத் துணியை விலக்கியவள்
டேப்பை அப்படியே விட்டுவிட்டாள்.
கத்திரிக்காய் நிறம் ஓரத்தில் மஞ்சளாகத் திரும்பியிருந்தது.
முதுகில் எட்டணா அளவுக்குக் கொப்புளம்.
"என்ன கண்ணு இது?"
"துப்பாக்கிங்க்கா."
"முதுகுல?"
"அதும் துப்பாக்கிதானுங்க்கா. இன்னொருத்தி துப்பாக்கி."

அவள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.
மிசின் மேல் இருந்த தேங்காயெண்ணெயை
ஒரு சொட்டு எடுத்து
ஊசிக்குப் போடுவது போல வைத்தாள்.
"எருமை முட்டிருச்சுன்னு நான் சொல்லுவேன்.
ஏழு வருசம் சொன்னேன்" என்றாள்.
"எங்கூட்டுல எருமையே இல்ல."

நான் சத்தியம் பண்ணினேன்.
சத்தியம் பண்ணப் பண்ண
எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.
ரவிக்கை வாங்கப் போன என் வீட்டுக்காரருக்கு
அவள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.
தையற்கூலியும் இருபது ரூபாய் கூட.

மறு வாரம்
கூகலூரிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
அண்ணன் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருந்தான்,
வெளியே வண்டியை அணைக்காமல் நின்றான்.
மேல்கையில் நாலு விரல் வரிசையாக.
"கதவு இடிச்சுதுங் மேடம்."
எழுதினேன்.
இப்படி எத்தனை கதவு எழுதியிருப்பேன்,
எத்தனை வழுக்கும் பாத்ரூம், எத்தனை மாட்டுக் கொம்பு.
எழுதிவிட்டு மேலே பார்த்து
"நெசமாலுமா?" என்று கேட்பேன்,
துளசியாள் என்னைப் பார்த்த அதே கண்ணால்.

அன்றைக்குக் கேட்கவில்லை.
வரி முடிவதற்குள் தோள் இழுத்தது.
பேனாவை வைத்துவிட்டுக்
கையை ஒரு தரம் சுழற்றினேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
குரலைத் தணித்தாள்.
"உங்களுக்கு என்னங் ஆச்சு?"

"துப்பாக்கி."

அவள் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.
"அத ஆரும் நம்ப மாட்டாங்க மேடம்.
கதவுன்னே சொல்லுங்."