ஒன்பதாம் வரிசை

எதுவும் செய்யக்கூடாது என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள் ரோவினா.
ஹோபார்ட்டிலிருந்து வந்த வெள்ளை வேன்.
பின்னிருக்கையில் நாய்மயிர், மழைமானி,
இலை எத்தனை மணி நேரம் நனைந்து கிடந்ததென்று
தானே குறித்துக்கொள்ளும் ஒரு தகடு.

மற்ற வரிசைகளில் உதிர்ந்த சருகை
நறுக்கித் தூளாக்கி யூரியா தெளித்தோம்.
கரும்புள்ளி நோய் குளிர்காலத்தைச்
சருகில்தான் படுத்துக் கழிக்கிறதாம்.
ஒன்பதில் மட்டும் விழுந்தது விழுந்தபடி.
வசந்தம் வந்தாலும் மருந்து கிடையாது.
"ஒப்பிட ஒன்று வேண்டுமே" என்றாள்.
பன்னிரண்டு ஜோனகோல்ட் மரங்கள்,
ஒப்பிடுவதற்காக நோயில் விழப்போகிறவை.

சரி என்றேன்.
போன வருடம் மூன்றில் ஒரு பெட்டி
புள்ளி விழுந்து சாறு ஆலைக்குப் போனது,
டீசல் காசுக்குக்கூடப் பற்றவில்லை.

செப்டம்பரில் மொட்டுகள் பச்சை நுனி காட்டின.
ஹூவான் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்து
கம்பிகளில் சொட்டிக்கொண்டிருந்தது.
பத்து டிகிரி. பதினாறு மணி நேர ஈரம்.
சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது
அந்தத் தகடு என் போனுக்குச் செய்தி அனுப்பியது:
தொற்றுக்கு வாய்ப்பு.
மெரைல் எதுவும் கேட்காமல்
போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சியோசையா எட்டாம் வரிசையை முடித்து,
ஒன்பதில் தெளிப்பானை மூடி,
பத்தில் திறந்தான்.
"பந்தியில் ஒருத்தரை மட்டும் தாண்டிப்போற மாதிரி இருக்கு."
டோங்காவிலிருந்து வந்தவன்,
டிராக்டர் சத்தத்துக்கு மேல் பாடுகிறவன்.
அன்று பாடவில்லை.

இரண்டரை வாரத்தில் வந்தது.
இலைமேல் பாசி நிறத்தில்
யாரோ கட்டைவிரல் வைத்துவிட்டுப் போன அழுக்கு.
துடைத்தால் போய்விடும்போல இருந்தது.
துடைத்துப் பார்த்தேன்.

மூன்றாம் மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.
ஆறு வருடத்துக்கு முன் ஒரு வாலபி
அடிப்பட்டையைச் சுற்றிவளைத்துத் தின்றுவிட்டது.
காயத்துக்குக் கீழும் மேலுமாக
நான்கு குச்சிகளைப் பாலம்போட்டு ஒட்டினேன்.
மூன்று பிடித்தன.
இப்போது தொடைத்தசைபோல் முறுக்கேறி
மரத்தைத் தாங்கி நிற்கின்றன.
நான்காவது காய்ந்தபடி அங்கேயே இருக்கிறது.
எடுக்க மனசில்லை.

மறுநாள் மழை என்றார்கள்.
டிராக்டரைக் கிளப்பினால் வீடு விழித்துக்கொள்ளும்.
முதுகுத் தெளிப்பானில் மருந்தைக் கலந்து
விளக்கில்லாமல் போனேன்.
என் நிலத்தில் நானே திருடன்.
பக்கத்து மரங்களில் படாமல்
குனிந்து, சுற்றி வந்து, அண்ணாந்து தெளித்தேன்.
திரும்பும்போது நான்காம் மரத்தின் கிளை தோளில் உரசியது.
நிற்கவில்லை.

நான்கு மழை. நான்கு இரவு.

டிசம்பரில் ரோவினா எண்ண வந்தாள்.
மரத்துக்கு நூறு இலை.
அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு.
ஒன்பது.
மறுபடியும் எண்ணினாள்.
ஒன்பது.
இலையைத் திருப்பினாள், விரலால் தேய்த்தாள்,
காய்ந்த சேற்றில் பதிந்திருந்த என் பூட்ஸ் தடத்தைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
மரம் 3: விலக்கப்பட்டது என்று எழுதினாள்.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்:
உரிமையாளர்.

அறிக்கை ஜூலையில் வந்தது.
சருகை நறுக்கிய வரிசைகளில்
புள்ளி பாதிக்கும் கீழே.
என் தோட்டத்தில் அடுத்த வசந்தம்
இரண்டு முறை மருந்தைக் குறைத்துப் பார்க்கலாமாம்.
ஒன்பதாம் வரிசைக்கு நேரே
பதினொரு மரங்கள்.
நான் காப்பாற்றிய மரம் அந்தத் தாளில் முளைக்கவே இல்லை.
நோயில் விட்டவைதான் எனக்குப் பதில் சொல்லியிருந்தன.

அதன் பழம் நான்கு பெட்டி, ஒரு வடு இல்லை.
ஒரு பை நிறைய ரோவினாவிடம் கொடுத்திருந்தேன்.
நாய்மயிருக்கு நடுவே வைத்துக்கொண்டு போனாள்.

இந்த வருடமும் ஒரு வரிசை கேட்கிறாள்.
பதினான்காம் வரிசை.
அதில் உங்களுக்குத் தெரிந்த மரம் ஏதாவது இருக்கிறதா
என்று முதலிலேயே கேட்டுவிட்டாள்.

இல்லை என்றேன்,
கொஞ்சம் யோசித்துவிட்டு.