ஐஸ் இல்லை

கார்தெனாஸ். மாலை ஆறரை.
மூடிப்போன மீன் ஆலையின் கணக்கர் அறைதான் வகுப்பு.
ஒன்பது பேர், ஏழு நாற்காலி.
வரதேரோ விடுதிகளின் வரவேற்பு மேசை, மதுக்கூடம், துணிவெளுப்பு
எல்லாம் சீருடை கழற்றாமலே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

பாடநூல் எண்பத்து நாலில் அச்சானது.
அதில் தோழர் பெத்ரோவ் டிராக்டர் நிலையத்துக்கு வழி கேட்கிறார்.
தொண்ணூற்றிரண்டில் எங்களை வரிசையாக நிறுத்தி
இனி ஆங்கிலம் கற்பியுங்கள் என்றார்கள்.
பாடத்துக்கு ஒருநாள் முன்னால் படித்தேன்,
ஒருநாள் பின்னால் மறந்தேன்.
இப்போது மறுபடி மாஸ்கோ விமானங்கள்.
வரோனெஷில் கற்ற உச்சரிப்பை
பெட்டியடிக் கம்பளிக் கோட்டுப் பையிலிருந்து
அந்துருண்டை வாசத்தோடு எடுத்திருக்கிறேன்.

பலகையில் எழுதினேன்: அப்பா வீட்டில்.
"வினைச்சொல் எங்கே, ப்ரோஃபே?"
யுனிஸ்லெய்தி. கடைசிச் சில்லறைவரை எண்ணி வாங்குகிறவள்.
நம் ஸ்பானிஷில் இருப்பதற்கே இரண்டு வினைகள்,
ஒன்று நிலைப்பதற்கு, ஒன்று தங்கிப்போவதற்கு.
இவர்களுக்கு ஒன்றுகூடவா இல்லை?
இருக்கும்வரை சொல்ல வேண்டியதில்லை, என்றேன்.
அப்பா வீட்டில். ரொட்டி மேசைமேல். நான் இங்கே.
போனபிறகுதான் 'இருந்தார்' வரும்.
அவள் குறித்துக்கொண்டாள்,
கணக்கு எங்கோ உதைக்கிறது என்ற முகத்தோடு.

ஆறு வேற்றுமைகளில் எங்கள் ஊருக்கு முதல் தேவை
இல்லாததைச் சொல்வது.
ஒரு பொருள் இல்லையென்றால்
அந்த மொழியில் அதன் வால் மாறிவிடும்.
எண்ணெய் இல்லை, கோழி இல்லை, பேருந்து இல்லை.
வீட்டுப்பாடத்தில் யாருக்கும் ஒரு பிழை கிடையாது.
ஐஸ் என்றால் ல்யோத்.
ஐஸ் இல்லையென்றால் ல்தா நியெத்:
நடுவிலிருந்த உயிர் கரைந்து
மெய் மட்டும் பல்லில் இடிக்கும்.
மதுக்கூடத் தைரோன் பத்துமுறை சொல்லிப் பார்த்தான்.
பதினோராவதில்
விருந்தாளி முன் விரிப்பதுபோல் கையை மட்டும் விரித்தான்.

அப்போது மின்சாரம் போயிற்று.
"ஸ்வியெத்தா நியெத்," என்றேன் இருட்டில். வெளிச்சம் இல்லை.
"யார் அந்த ஸ்வியெத்தா?"
எவுசேபியோ. லாடா ஓட்டுகிறவர், என்னைவிட நாலு வயது மூத்தவர்.
"எண்பத்தெட்டில் எனக்கொரு ஸ்வியெத்தாவைத் தெரியும்.
அவளும் இப்படித்தான், சொல்லாமல் போனாள்."
சிரித்து முடிக்கச் சற்று நேரமானது.
யாரோ கைபேசியை உயர்த்திப் பிடிக்க
பலகையில் அப்பா தெரிந்தார்,
வீடு தெரியவில்லை.

மார்ச்சில் யுனிஸ்லெய்தி வரவில்லை.
மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாள் என்றார்கள்,
தையல் இயந்திரத்தையும்.
பதினாறாம் நாள் செய்தி, ரஷ்ய எழுத்தில்:
நான் மாஸ்கோவில். குளிர். வேலை கிடங்கில். அம்மா வீட்டில்.
நாலு வாக்கியம், ஒரு வினைச்சொல் இல்லை,
ஒரு பிழையும் இல்லை.
பழக்கத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்தவள்
கைபேசித் திரையின்மேல் என்ன செய்வதென்று தெரியாமல்
மூடி வைத்தேன்.

வருகைப் பதிவேட்டை ரஷ்ய மொழியில் எழுதுவது என் பிடிவாதம்.
வராத நாளில் தைரோன், தைரோனா.
வராத நாளில் மைதா, மைதி.
யுனிஸ்லெய்தி என்று எழுதி நிறுத்தினேன்.
இகரத்தில் முடியும் அயலார் பெயர்
அங்கே வேற்றுமை ஏற்பதில்லை.
இருந்தாலும் அதே.
இலக்கண நூலை எடுத்து மூன்றுமுறை சரிபார்த்தேன்.
மாறாது.

எவுசேபியோ மட்டும் கையைத் தூக்கியபடி இருக்கிறார்.
டிராக்டர் நிலையம்வரை வந்துவிட்டேன், ப்ரோஃபே, என்கிறார்,
இனி யாரிடம் வழி கேட்பது?