விடயம்: ஐந்தாம் பாடத்துக்கு வராமை

மதிப்பிற்குரிய ஷெரின் மிஸ்,
காரணத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடவேண்டும் என்றீர்கள்.
காரணம்: வியாழக்கிழமை.
மூன்று வரிக்குள் முடிக்கவேண்டும் என்றும் சொன்னீர்கள்.
அது மட்டும் ஏலாது, மன்னிக்கவும்.

பனிச்சங்கேணியில் எங்கள் கணினி அறையை நீங்கள் கண்டதில்லை.
இருபத்தாறு பேரும் உங்களுக்கு ஒரே சதுரம்.
பதினொரு கணினியில் நாலுக்குத்தான் உயிர்.
டொங்கிளை யன்னல் கம்பியில் றப்பர் பாண்டால் கட்டி
புவிதரன் சேர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.
வாவிப் பக்கம் திருப்பினால் உங்கள் குரல் வரும், முகம் வராது.
றோட்டுப் பக்கம் திருப்பினால் முகம் வரும்,
வாய் பாதி திறந்தபடி நிற்கும்.
தொடர்பாடல் திறனை நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

மூன்றாம் பாடம் விரிதாள்.
'ஒரு கற்பனைக் கம்பனியின் வரவு செலவு' ஒப்படை.
எனக்குக் கற்பனை வரவில்லை.
அலுமாரிக்கு மேலே அம்மாவின் கடன் புத்தகம் கிடந்தது,
அட்டையில் நண்டுத் தண்ணி காய்ந்த கறையோடு.

முதல் நிரலில் திகதி.
இரண்டாவதில் ஆயிரத்து ஐந்நூறு,
ஆயிரத்து ஐந்நூறு,
ஆயிரத்து ஐந்நூறு,
பிறகு மூன்று வெற்றுப் பெட்டி.
கார்த்திகை வெள்ளம். அப்பா தோணி இறக்கவில்லை.
வெற்றுப் பெட்டிக்கும் அவர்கள் தண்டம் எழுதியிருந்தார்கள்.

எழுதிய கடன் அறுபதாயிரம்.
கையில் வந்தது ஐம்பத்தாறாயிரத்து ஐந்நூறு.
மிச்சம் பத்திரச் செலவாம், காப்புறுதியாம்.
நீங்கள் காட்டியபடி கூட்டல் போட்டுக் கீழே இழுத்தேன்.
முப்பத்தெட்டாம் தவணையில் வந்த காசைக் கட்டிய காசு தாண்டியது.
தாண்டினால் பெட்டி பச்சையாகச் சொல்லித் தந்திருந்தீர்கள்.
ஆகியது.
அதற்குக் கீழே இன்னும் பதினொரு பச்சை.
'பச்சையெண்டா நல்லதுதானே மகள்?' என்றா அம்மா.
புத்தகத்தில் நிலுவை
இருபத்து நாலாயிரத்து இருநூறு.

நாலாம் பாடம் மின்னஞ்சல்.
உணர்ச்சியை விட்டு எண்ணை எழுது என்றீர்கள்.
கம்பனிக்கு எண்ணைத்தான் எழுதினேன்.
ஒரு நிமிடத்தில் பதில்:
'உங்கள் செய்தி எமக்கு முக்கியமானது.'
பிறகு ஆறு நாள் ஒன்றுமில்லை.

உங்கள் பாடமும் ஒன்பதரை.
சிவமலர் மாமி வீட்டு மாமரத்தடிக் கூட்டமும் ஒன்பதரை.
ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை.
ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும்
கட்டும்வரை எழும்ப ஏலாது.
நான் அச்சுத்தாளோடு ஆறாவதாக இருந்தேன்.

வந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்.
கழுத்தில் அட்டை, கையில் டப்.
மரியாதையாகத்தான் பேசினார்.
'தங்கச்சி, சிஸ்டம் இப்பிடித்தான் காட்டுது.'
'அண்ணன், என்ட ஷீட் இப்பிடிக் காட்டுது.'
தாளை வாங்கி விரலால் வரி வரியாக இறங்கினார்.
பாடசாலை அச்சில் பச்சையெல்லாம் சாம்பல்.
ஆனாலும் சரியான இடத்தில் விரல் நின்றது.
கொஞ்ச நேரம் மாமரத்தையே பார்த்தார்.
பிறகு தாளை நாலாக மடித்தார்.
கம்பனிப் பைக்குள் வைக்கவில்லை,
சட்டைப் பைக்குள் வைத்தார்.

அன்றைய ஆயிரத்து ஐந்நூறையும் வாங்கினார்.
பற்றுச்சீட்டும் தந்தார்.

வரவுப் பதிவில் என் பெயருக்கு நேரே
சிவப்புப் புள்ளடி விழுந்திருப்பதைப் பார்த்தேன்.
தவறவிட்ட பாடத்தின் பெயரையும் பார்த்தேன்:
'பேரம் பேசுதலும் முரண்பாடு தீர்த்தலும்.'
பதிவு இருந்தால் அனுப்புங்கள்.
டேட்டா குறைவு, ஒலி மட்டும் போதும்.

இன்னொரு கேள்வி.
பின்னேரம் மாமிமார் நாலு பேரும்
சீலைத் தலைப்பில் சுற்றிப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள்.
மேசையில் இடமில்லை.
ஐந்து தாள்களை ஒரே கோப்பில் சேர்த்துக் கூட்டுவது
ஆறாம் பாடத்தில் வருமா?
வியாழனுக்கு முந்தி வருமா?

இங்ஙனம்,
செ. யதுர்சிகா, தரம் 12
இணைப்பு: ஐந்து