ஷேடு பாஸ்

பகல் முழுக்க அடுத்தவர் நிறத்துக்குப் பொறுப்பு நான்.
ஹாலந்திலிருந்து ஒரு துணுக்கு வரும்,
தபால்தலை அகலம்,
இதே நீலம் வேண்டும் என்று.
ஏழு பீக்கர், ஏழு அளவு, உப்பு, சோடா.
பிறகு விளக்குப் பெட்டி:
பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு.
மூன்றிலும் ஒரே நிறமாய் நின்றால்
ஷேடு பாஸ்.
நிற்காவிட்டால் மறுபடி உப்பிலிருந்து.

ஆறரைக்கு வெளியே வருகிறேன்,
எத்தனை கழுவியும் போகாத டர்க்காய்ஸ்
நகக்கண்ணில்.
காங்கயம் ரோட்டில் பொன்னுலிங்கம் ஸ்டோர்ஸ்.
"பேனாவுக்குத்தானுங்க?"
மூன்று வருசமாய் இதே கேள்வி.
"பச்சை தீந்துபோச்சுங்க. காலேஜ் புள்ளைங்க வந்து
வழிச்சுட்டுப் போயிட்டாங்கொ."
பச்சை எனக்கும் வேண்டாம்,
பச்சையில் எழுதினால்
யாருக்கோ கையெழுத்து போடுகிற மாதிரி இருக்கிறது.

ராயல் ப்ளூ வைத்திருந்தேன் ஒரு காலம்.
எழுதிய ஈரத்தில் பார்க்க வேண்டும் அதை.
காய்ந்ததும் கொஞ்சம் அடங்கி,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல் உட்கார்ந்துகொள்ளும்.
மோர் டம்ளர் கவிழ்ந்த அன்று
பால் கணக்கில் பதினொன்றாம் தேதி முதல்
பத்தொன்பது வரை
ஓடிப்போனது.
பால் ஊற்றும் வேலாத்தாளும் நானும்
அவரவர் நினைவைச் சொன்னோம்.
அவர் சொன்னது
நான் சொன்னதைவிட ஒரு லிட்டர் குறைவு.
அதற்கப்புறம் கணக்குக்கு பர்மனெண்ட் கறுப்பு.
அழியாது, சரி.
ஞாயிறு ஒருநாள் தொடாமல் விட்டால்
திங்கள் காலை நிப்பு
தொண்டை கட்டிக் கிடக்கும்.

அவரே ஒரு புட்டி நீட்டினார்:
"மெஜந்தா, புதுசுங்க."
வேண்டாமுங்க என்றேன்.
நொய்யலில் பார்த்தாகிவிட்டது அதை,
பாலத்தில் பஸ் நின்ற நேரங்களில்.
அதில் ஒரு பீக்கர்
என்னுடையதாக இருக்கும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
பழுப்பு மட்டும் வாங்கினேன்.

பழுப்பு வரைவதற்கு.
ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் பஸ்ஸில் ஏறி
எங்காவது இறங்கிக்கொள்வேன்.
கொறங்காடு, கிளுவை வேலி, நாலு வெள்வேலமரம்,
நடுவே மாடுகள்.
கன்றுக்குப் பழுப்பு போதும்,
செவலையாய்த்தானே பிறக்கிறது.
நாலு மாதம் போனால் மயிலை.
மயிலைக்கு எந்தக் கடையிலும் மை இல்லை.
கிரே என்று ஒன்று விற்கிறார்கள்,
சிமெண்டுத் தொட்டி வரையலாம் அதில்.

ஒரு ராத்திரி
லேபிலிருந்து கொண்டுவந்த சிரிஞ்சில்
நானே கலக்கினேன்.
கறுப்பு இரண்டு, ராயல் ப்ளூ மூன்றோ நாலோ,
பழுப்பு ஒரு பொட்டு, மீதி கேன் தண்ணீர்.
ரெசிப்பி எழுதி வைக்கவில்லை.
என் லேபில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால்
மெமோ கொடுத்திருப்பேன்.

மறுநாள் யாரும் இல்லாத மதியச் சாப்பாட்டு நேரம்,
எழுதிய தாளை விளக்குப் பெட்டிக்குள் வைத்தேன்.
பகல் வெளிச்சத்தில் சாம்பல்.
கடை வெளிச்சத்தில் கத்தரிப்பூ.
மஞ்சள் பல்பில், திமில் பக்கம் மாடு கறுக்குமே,
கிட்டத்தட்ட அது.
ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன்.
நீலம் தனியே நடந்தது,
பழுப்பு பின்தங்கி நின்றது.
எங்கள் தொழிலில்
இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது,
பன்னிரண்டாயிரம் பீஸ் திரும்பி வரும்.
கை தானாக
ஃபெயில் முத்திரையைத் தேடியது.

தாளை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
இப்போது எல்லாவற்றுக்கும் அதுதான்:
மாட்டுக்கு, மளிகைச் சீட்டுக்கு,
அக்காவுக்கு எழுதி அனுப்பாத இரண்டு பக்கத்துக்கு.
மோர் டம்ளரை மட்டும் தள்ளி வைக்கிறேன்.

மாசக் கடைசியில் வேலாத்தாள்
கணக்கு நோட்டை வாங்கி,
எட்டத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து,
"ஏனம்மிணி, நாளுக்கொரு நெறமா இருக்குது?"
"ஒரே மைதானுங்க.
இது விடியக்காலைல எழுதினது.
அது, கரண்டு போனப்ப."