காற்றுப் பிரிந்ததா?

வாடை வருமுன் அதன் வாசம் எனக்குத் தெரியும்.
கச்சான் என்றால் உதடு வெடிக்கும்.
சோளகம் எழும்பினால் திருக்கடலூர்க் கரையில்
வள்ளம் இழுக்க எத்தனை பேர் வேண்டுமென்று
பாயில் படுத்தபடியே சொல்வேன்.
நாற்பது வருசம் காற்றோடு சீவித்தவன்.

இப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஆறு பேர்
கட்டிலைச் சுற்றி நின்று
ஒரேயொரு காற்றை விசாரிக்கிறார்கள்.
"ஐயா, காற்றுப் பிரிந்ததா?"
பெரிய டொக்டர் சிங்களத்தில்: "ஹுலங் கியாத?"
துறைமுகத்தில் படித்த சொல்
கடைசியில் இதற்கா உதவ வேண்டும்.

குடல்வால் வெடித்து வயிற்றைத் திறந்தார்கள்.
மயக்க மருந்து தந்த மிஸ் எண்ணச் சொன்னா.
ஒண்டு, ரெண்டு, மூண்டு.
நாலை நான் இன்னும் சொல்லவில்லை.
கண் விழித்தால் குளிரில் பல் அடிக்கிறது,
குழாய் போய்வந்த தொண்டையில் சிப்பித் தூள்,
வாந்தி பாசி நிறத்தில்.

அன்று ராத்திரி மின்விசிறியில் வலை சிக்கியது.
நங்கூரத்தைத் தூக்கடா என்று கத்தினேனாம்.
மூக்குக் குழாயைக் கயிறென்று இழுத்தேனாம்.
துணியால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள்.
விடிய யசிந்தா பாதியைத்தான் சொன்னாள்.
மீதி அவள் முகத்தில் இருந்தது:
இருபத்தேழு வருசமாய் வீட்டில் யாரும் எடுக்காத
தம்பியின் பேரை
விடியும்வரை கூப்பிட்டிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் கிண்ணியா முஸம்மில் நானா.
அவருக்கும் வயிறு, எனக்கு ஒரு நாள் முந்தி.
யாருக்கு முதலில் பிரியுதோ
அவருக்கு மற்றவர் இளநி, இது பந்தயம்.
மூன்றாம் நாள் பின்னேரம் அவர் வென்றார்.
வார்டே கேட்டது. வார்டே சிரித்தது.
ப்ளேன்டீ வந்தது, இரண்டு மிடறு,
எனக்குக் காட்டிக் காட்டிக் குடித்தார்.
"நானா, எழும்பி நடவுங்க" என்றா மிஸ்.
"இளநி வரட்டும், நடப்பம்."
இடது கெண்டைக்கால் வீங்கியிருந்ததை
சாரம் மூடியிருந்தது.

சுபஹுக்கு முகம் கழுவ எழும்பினார்.
இரண்டு எட்டு.
காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம்.
திரையை இழுத்தார்கள். சில்லுகள் போகும் சத்தம்.

அதற்குப் பிறகு நான் நடந்தேன்.
ஒரு கையில் சேலைன் கம்பி,
மறு கையால் வயிற்றோடு தலையணையை அமர்த்தி
வார்டின் கடைசி ஜன்னல்வரை, திரும்ப, திரும்பவும்.
கீழே கேற்றடியில் ஒரு மான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் தாளை
நிதானமாய்ச் சப்பிக்கொண்டிருந்தது.
ஏழாம் முறையோ எட்டாம் முறையோ,
அந்த ஜன்னலடியில் வந்தது.
சின்னது. எந்தத் திசையென்றும் சொல்லமுடியாதது.
சொல்லத் திரும்பினேன்.
அந்தக் கட்டிலில் புது விரிப்பு,
கை முறிந்த ஒரு பொடியன்
போனில் கிரிக்கெட் பார்க்கிறான்.

யசிந்தாவிடம் "போச்சு" என்றேன்.
வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளோ சிரித்தாளோ.
டிக்கட்டில் நேரம் எழுதினார்கள்.
"இளநி ரெண்டு வாங்கு."
ரெண்டு ஏனென்று அவள் கேட்கவில்லை.
வெளியே கச்சான் எழும்பியிருந்தது,
கொளுக்கி இல்லாத ஜன்னல்
அடித்துக்கொண்டே இருந்தது.