நீலம் பழுக்கும் வரை

சென்னையில் மந்திரிசபைக்கு
மெஜாரிட்டி இல்லையென்று
கிருஷ்ணகிரி தாலுகா கச்சேரியில்
முதலில் அறிந்தவன் நான்.
தாசில்தாருக்கும் முன்னால்
பங்கா இழுக்கும் சின்னப்புட்டனிடம் சொன்னேன்.
"அப்புறம் யாருங்க ஆளறது?" என்றான்
கயிற்றை விடாமல்.

வைகாசியில் மந்திரி வந்தார்,
திருப்பத்தூரில் பெரிய ரயிலை விட்டிறங்கி
எங்கள் சின்ன ரயிலில்.
மேட்டில் அது மூச்சு வாங்கியபோது
ஆடு மேய்க்கும் பையன்கள் கூடவே நடந்து
ஜன்னலில் அவரை விசாரித்தார்களாம்.

வரவேற்புக்கு முப்பது நாற்காலி இரவல்:
மிஷன் பள்ளியில் பாதி,
கள்ளுக்கடை ஏலதாரர் வீட்டில் மீதி.
பதினொன்றில் ஆள் இருந்தது.
மந்திரி எண்ணியதைப் பார்த்தேன்.
எண்ணிப் பழகிய கண்;
உதடு அசையவில்லை.

திம்மராயன் மட்டும்
வரிசை இல்லாத வரிசையில் நின்றான்.
ஏரி மதகுக்கு ஒரு இரும்புப் பலகை.
பதினாறு வருஷமாய் அதே மனு,
ஒன்பது முறை நானே நகலெடுத்தது.

மந்திரி என் பக்கம் திரும்பினார்:
"நான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?"
குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா அது?
"இன்றைக்குச் செல்லும்" என்றேன்.
சிரித்தார்.
தாசில்தார் சிரிக்கவில்லை.
ஒற்றுத்தாள் தேடினேன்.
வேண்டாம், காயட்டும் என்று
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்,
அந்த நீல ஈரத்தைப் பார்த்தபடி.

மல்கோவா முடிந்தது.
நித்திய கண்டம் பூரண ஆயுசு என்று
வக்கீல் அப்பாஜி ராவ் தினம் சொல்லி
அவருக்கே அலுத்துப்போன ஆடியில்,
நீலம் பழுத்த வாரம்,
மந்திரிசபை விழுந்தது.
இங்கே சத்தம் கேட்கவில்லை.
சின்னப்புட்டன் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

வந்தவர்கள் எதையெதையோ ரத்து செய்தார்கள்.
ஒரு மதகை ரத்து செய்ய
யாருக்கும் ஞாபகம் வரவில்லை.
கார்த்திகையில் பலகை வந்து இறங்கியது,
சின்ன ரயிலில்,
காலி எண்ணெய் டின்களுக்கு நடுவே.
அகலத்தில் இரண்டு அங்குலம் குறைவு.

திருப்பி அனுப்ப நோட்டு எழுதட்டுமா என்றேன்.
திம்மராயன் என் வாயைப் பொத்தாத குறை.
"சாமி, இதுக்கே பதினாறு வருஷம்!"
சாக்கைச் சுருட்டிச் செருகினான்,
களிமண் அப்பினான்,
காலால் மிதித்துப் பார்த்தான்.

கசிந்தது.
தினம் காலையில் போய்
புதுக் களிமண் வைத்துவிட்டு வந்தான்.
அந்த வருஷம் மாசி வரைக்கும்
ஏரியில் தண்ணீர் நின்றது,
கசிந்தபடியே.