காலை உணவு உட்பட

மீன் கிட்டங்கிகளின் தராசுகளைச் சோதிப்பது என் வேலை.
ஊருக்கு ஓர் இரவு.
நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கரையில் ஹோட்டல் கிடையாது,
ஒடெத் தூசேயின் மாடி உண்டு:
மூன்று அறை, தொண்ணூறு டாலர், காலை உணவு உட்பட.

எடைக்கல் பெட்டியில் ஒரு கை கொடுத்தவள்
"உள்ளே யார், பிணமா?" என்றாள்.
இருபது கிலோ என்றேன்.
"அப்படியானால் கால் ஆள்தான்."

வீடெங்கும் சீட்டுகள், பச்சை மையில்.
குழாய்மேல்: வெந்நீர் வரும், அவசரப்படுத்தாதே.
ஜன்னலில்: இழுக்காதே, தள்ளு. இன்னும் தள்ளு.
மாடிப்படி ஏழில்: இது கத்தும்.
கத்தியது.

இரவு எட்டிப் பார்த்தேன்,
துறைமுகத்தில் தண்ணீரே இல்லை.
கடல் எங்கோ போயிருந்தது.
படகுகள் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன
கடைசி பஸ்ஸை விட்டவர்கள் மாதிரி.
விடிந்ததும் அதே படகுகள்
தெருவிளக்கு உயரத்தில் நின்று ஆடின.
நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல்
நான் தூங்கியிருக்கிறேன்.

அக்டோபர் கடைசி. விருந்தாளி நான் ஒருவன்தான்.
மேசையில் இரண்டு தட்டு.
உனக்கா என்று கேட்டதற்கு
நான் நின்றுகொண்டே சாப்பிடுவேன் என்றாள்.

ஏழரைக்கு, கதவைத் தட்டாமல், ஒருவர் வந்தார்.
பூட்ஸைக் கழற்றி என்னுடையதன் அருகே வைத்தார்,
கோணலாகக் கிடந்த என்னுடையதையும் நேராக்கினார்.
கால் ஆடும் நாற்காலியைப் பார்க்காமலே தவிர்த்தார்.
எங்கிருந்து வருகிறீர்கள் என்றேன்,
இப்படிப்பட்ட மேசைகளில் கேட்பதுதானே.
"எதிர் வீடு" என்றார் அல்ஃபே.

எனக்கு முட்டை எப்படி வேண்டும் என்று
மூன்று முறை கேட்டவள்
அவருக்குக் கேட்கவில்லை.
கரண்டி முனையால் மஞ்சளை உடைத்துத் திருப்பிப் போட்டாள்.
"இன்னும் காபி, ஐயா?"
"கொஞ்சம், மேடம். நன்றி."
மத்தியானம் மழை என்றார்.
இருக்கட்டும் என்றாள்.
பன்னிரண்டு டாலரை உப்பு ஜாடிக்கு அடியில் வைத்து
வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போனார்.

புரட்டினேன்.
ஹாலிஃபாக்ஸ் தம்பதி: அருமையான கடல்.
இரண்டு ஜெர்மன்காரர்கள், சைக்கிளில்: படுக்கை மென்மை.
இடையில், முன்னும் பின்னும், பக்கம் பக்கமாக:
அல்ஃபே தூசே, எதிர் வீடு, முட்டை நன்று.
அல்ஃபே தூசே, எதிர் வீடு, முட்டை நன்று.
ஒரு பிப்ரவரியில்: பனி. தாமதம். மன்னிக்கவும்.
ஒரு மே மாதம்: ரொட்டி கருகல்.
அதற்குப் பிறகு நான்கு நாள் அந்தப் பெயர் இல்லை.
ஐந்தாம் நாள்: ரொட்டி நன்று.

தூசே, என்றேன் சத்தமாக.

"பதினோரு வருஷமாயிற்று விவாகரத்தாகி,"
கழுவுதொட்டியை விட்டுத் திரும்பவில்லை.
"வீடு எனக்கு, படகு அவருக்கு.
முதல் வாரம் சும்மா வந்து உட்கார்ந்தார், விரட்டினேன்.
மறுநாள் பணத்தோடு வந்தார்.
விலைப்பலகை வாசலில் தொங்குகிறது.
கொடுப்பவரை எப்படி விரட்ட?"
தட்டைத் துடைத்தாள், துடைத்த தட்டையே மீண்டும் துடைத்தாள்.
"அந்தப் பணத்தில்தான் கூரை மாற்றினேன்.
வேய்ந்தது அவர். கூலி வாங்கிக்கொண்டார்."

விருந்து மூன்று நாள் என்பார்கள்.
நான் ஒரு நாள்.

பதிவேட்டில் என் முறை.
வேறெதுவும் தோன்றாமல்
முட்டை நன்று என்று எழுதினேன்.

அன்றைய முதல் தராசு
படகை விற்றுவிட்ட அல்ஃபேயின் கிட்டங்கியில்.
கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன்.
இருபதுக்கு முள் இருபதைத் தாண்டி நின்றது,
நாற்பது கிராம், மீனவன் பக்கம் சாதகமாக.
ஒவ்வொரு கூடைக்கும் நஷ்டம் இவருக்கு.
எத்தனை நாளாக இப்படி என்றேன்.
"யாரும் குறை சொல்லவில்லையே" என்றார்.

சட்டம் சட்டம்தான்.
திருகை அரைச் சுற்று திருப்பினேன்,
முள் இருபதில் வந்து அடங்கியது.
முத்திரை ஒட்டும்போது ஏனோ
மன்னிக்கவும் என்றேன்.
அவர் கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.
மழை, சொன்ன நேரத்துக்கு
இருபது நிமிடம் முன்னதாக.